நாளைக்குக் காய்ச்சல்

மகளின் வகுப்பு மிஸ் போன் செய்தபோது நான் ஒரு பெரியவரின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். "ரெண்டு நாளா இனிப்புப் பக்கமே போகலம்மா. இந்தத் தடவ சர்க்கரை எப்படி வருதுன்னு மட்டும் பாரு" என்று ஏதோ என்னைத் தோற்கடிக்கப் போகிறவர்போல் சிரித்தார். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதச் சராசரியையே புட்டுப் புட்டு வைக்கிற இன்னொரு பரிசோதனை எங்களிடம் இருக்கிறது என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்வதில்லை. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குழாயில் பெயர்ச் சீட்டை ஒட்டிக்கொண்டே போனை எடுத்தேன்.

"பயப்படாதீங்க மேடம், பாப்பா நல்லாத்தான் இருக்கா" என்றுதான் மிஸ் ஆரம்பித்தார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. "நாளைக்கு மட்டும் அவள அனுப்ப வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ஏன் மிஸ், லீவா?"

"லீவு இல்ல. நாளைக்குப் பொதுச் சோதனை. மூணாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாருக்கும். பாப்பாவுக்கு வாசிக்கறதுல இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். இங்க வந்து உக்காந்து, ஒண்ணும் புரியாம முழிச்சு, அழுது... எதுக்கு மேடம் குழந்தைக்கு அந்தக் கஷ்டம்? காய்ச்சல்னு வீட்லயே வச்சுக்குங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அந்தக் குரலில் அதட்டல் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதில் இருந்தது அக்கறை. என் பிள்ளைக்காக உருகுகிற அக்கறை. "சரிங்க மிஸ்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. 'எல்லாரும்' என்றால் யார் எல்லாரும்?

என் மகள் அந்தப் பள்ளிக்குப் போன கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் கணவரின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெயின்ட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். அங்கே எதை வாங்குவதானாலும் மூன்று பேரிடமாவது விலை கேட்டு, அவர்கள் சொன்னதைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டம் போட்டு, 'கம்பேரிட்டிவ்' என்று ஒரு தாள் தயாரித்தாக வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு துடைப்பம்கூட உள்ளே வராது. இருக்கிற வேலை போதாதென்று அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மெத்தைக்குக் கம்பேரிட்டிவ், மின்விசிறிக்குக் கம்பேரிட்டிவ். பல்வலியில் துடித்துக்கொண்டு நான் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, இவர் பல் மருத்துவர்களுக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "என்னையும் இப்படித்தான் எடுத்தீங்களா?" என்று ஒரு முறை கேட்டேன். கொஞ்சமும் சிரிக்காமல், "அப்போ நான் இந்த வேலைல சேரல" என்றார்.

கல்வி அலுவலகம் ஒவ்வொரு பள்ளியின் கணக்கையும் இணையத்தில் போடுகிறது என்பதை அவர் கண்டுபிடித்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பகுதியின் தொடக்கப் பள்ளிகள் ஐந்தையும் எடுத்து ஒரு தாளில் அடுக்கினார். பொதுச் சோதனை எழுதியவர்களில் எத்தனை சதவீதம் தேர்ச்சி, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு, வகுப்புக்கு எத்தனை பேர் என்று மூன்று கட்டங்கள். மேட்டுத்தெருப் பள்ளி தொண்ணூற்றாறு சதவீதம், செலவு எல்லாரையும்விடக் குறைவு, வகுப்புக்கு இருபத்து நான்கு பேர். அந்த வரிசை முழுக்கப் பச்சை அடித்தார். கால்வாய்க்கரைப் பள்ளி தேர்ச்சியில் கடைசி, செலவில் முதல். அதற்குச் சிவப்பு. "சின்னச் சின்னக் கிளாஸ், பணத்தத் தண்ணியாக் கொட்டறாங்க, அப்பவும் கடைசி. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றார். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் அன்றைக்கே போட்டுவிட்டார். அதுவரை அவர் பெயர்கூடத் தெரியாதவர்கள் லிஃப்டில் கை கொடுத்தார்கள். ஒரு வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கால்வாய்க்கரைப் பள்ளியில்தான் எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு டீச்சர் அவள் அத்தை. என் கணவரின் சொந்த அக்கா.

என் நாத்தனாரைப் பற்றிப் புகழ்ந்து பேசுமளவுக்கு எங்களுக்குள் ஒட்டுதல் இருந்ததில்லை. எதையும் பட்டென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். என்னை மாதிரியேதான், அதனாலேயே ஆகாது. ஆனால் மகளுக்கு எழுத்துக் கூட்டுவதே பெரும்பாடாக இருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலைத் தன் விரலால் பிடித்து வரியின்மேல் நகர்த்தி, ஒரு சொல்லுக்காக ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் காத்திருப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவசரக்காரியான அந்த மனுஷிக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ. அந்த வருடக் கடைசியில் மகள் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்து எங்களைத் தெருவில் நடக்கவிடாமல் செய்தாள்.

தாள் குழுவில் வந்த மறுநாளே நாத்தனார் வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்த டீயைக் கையில் வாங்கினாரே தவிர குடிக்கவில்லை.

"டேய், பேச்சு சரியா வராத பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்க சம்பளம் எங்க ஸ்கூல் பேர்ல விழுது. ஆனா எங்ககிட்ட அவங்க வாரத்துல ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் மத்த ஸ்கூலுக்குப் போறாங்க. உன்னோட மேட்டுத்தெருவுக்கும் சேத்துத்தான்."

"அது அவங்க கணக்கு வைக்கிற முறை, அக்கா. போட்டிருக்கறதத்தான் நான் எடுத்துப் போட முடியும்."

"மத்த ஸ்கூல்ல வேணாம்னு தள்ளிவிடற பிள்ளைங்க எல்லாம் எங்ககிட்டதான்டா வருது. வந்த அத்தனை பேரையும் நாங்க உக்கார வச்சு எழுத வைக்கிறோம். அத எங்க போட்ட?"

என் கணவர் உண்மையாகவே யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பிரச்சினையே. "அதுக்குக் கட்டம் இல்லையேக்கா" என்றார்.

நாத்தனார் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வருடம் மகளை மேட்டுத்தெருவில் சேர்த்தோம். நான் சண்டை போட்டேன் என்று சொல்ல ஆசைதான். போடவில்லை. பச்சை வரிசை எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் கட்டடத்திலிருந்து மட்டும் கால்வாய்க்கரையை விட்டு ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் குறைந்தால் தலைக்கு விழும் செலவு ஏறத்தானே செய்யும்? அடுத்த கணக்கில் அந்தச் சிவப்பு இன்னும் சிவந்தது. இவ்வளவு செலவில் இப்படி ஒரு பள்ளி தேவையில்லை என்று அலுவலகம் முடிவு கட்டி, ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு பெரிய பள்ளியோடு அதை இணைத்துவிட்டது. நாத்தனாருக்கும் அங்கேதான் மாற்றல். இரண்டு பஸ் மாறிப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் நான் மிஸ் சொன்னதைச் சொல்லிவிட்டேன். மகள் உள்ளறையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவர் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"எல்லாரும்னா எத்தன பேரு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நான் என்ன எண்ணிப் பாத்தா வந்தேன்?"

"அப்போ அந்தத் தொண்ணூத்தாறு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படித் தொங்கிப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் 'நல்லா வேணும்' என்றும் இருந்தது. எழுந்து நாலு கத்து கத்துவார், நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்பார் என்று காத்திருந்தேன். நான் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "ஒரு நாள்தானே" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. மகளுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். "ஒரு நாளா? உன் பிள்ளை கணக்குலயே வேணாம்னு சொல்றாங்க, ஒரு நாளாம்! உங்க கம்பெனில சரக்கு சரியில்லன்னா திருப்பி அனுப்புவீங்களே, அது மாதிரி அனுப்பறாங்க. புரியுதா இல்லையா?" கோபத்தில் 'உன்' என்று வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, நாளைக்கு அவள அனுப்பினா? அவ எழுதாம உக்காந்திருப்பா. அடுத்த வருஷம் 'வேற ஸ்கூல் பாத்துக்குங்க'ம்பாங்க. எங்க போறது? மத்த மூணுலயும் எடம் இல்ல. கால்வாய்க்கரையும் இல்ல."

"இல்லாம பண்ணது யாரு?"

"நான் போட்ட ஒரு கட்டத்தாலயா ஸ்கூல மூடிட்டாங்க?" என்றார் மெதுவாக. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

அவர் எதிரிலேயே நாத்தனாருக்குப் போன் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். குசலம் எதுவும் விசாரிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"உங்க ஸ்கூல்லயே அவளச் சேத்துக்குவீங்களாக்கா?"

"கூட்டிட்டு வா. நான் வேணாம்னா சொல்லப் போறேன்? யாரையும் வேணாம்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கமில்லையே." பாத்திரத்தை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. "ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். இங்க ஒரு கிளாஸ்ல அறுபது பேரு. பேரு கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பாதி நேரம் போயிடுது. முன்ன மாதிரி அவ பக்கத்துல உக்காந்து விரலப் பிடிச்சு வாசிக்க வைக்க என்னால முடியாதும்மா. இந்த வருஷம் நான் ஒரு பிள்ளைக்கும் அப்படி உக்காரல."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காரு."

"அறுபதுன்னு அவன்கிட்ட சொல்லு. கட்டத்துல போட்டுக்கட்டும்."

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. நாத்தனாரின் குரல் போனிலிருந்து வெளியே கேட்கிற குரல்.

மறுநாள் காலை மகளைக் குளிப்பாட்டி, சீருடை போட்டு, தலையை வழக்கத்தைவிட அழுத்தமாகவே வாரினேன். கணவர் தடுக்கவில்லை. கூட வரவும் இல்லை. கண்ணாடியின் முன் நின்று, ஏற்கெனவே வாரிய தலையைத் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டிருந்தார். என்ன ஆனாலும் சரி, என் பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்ததை எழுதிவிட்டு வருவாள். பூஜ்யம் வாங்கினாலும் அது அவளுடைய பூஜ்யம். மிஸ்ஸிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். நன்றாகவே வந்தது. பாதி வழியில் மகள் நின்றுவிட்டாள்.

"அம்மா, எனக்கு இன்னிக்குக் காய்ச்சல்."

நெற்றியைத் தொட்டேன். குளித்த ஈரம் மாறாமல் சில்லென்றிருந்தது. "யாரு சொன்னா?"

"மிஸ்தான். எனக்கும் கடைசி ரெண்டு வரிசைல இருக்கறவங்களுக்கும் நாளைக்குக் காய்ச்சல் வரும்னு சொன்னாங்க. வந்தா சமத்தா வீட்ல இருக்கணுமாம். அப்பத்தான் எங்க ஸ்கூலுக்கு ஸ்டார் கெடைக்கும்." தன் கையைத் தானே நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். "இப்பக்கூட லேசா சுடுதும்மா. நீ சரியாத் தொடல."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். இழுத்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

மேட்டுத்தெருப் பள்ளியில் பெற்றோரை வாசலைத் தாண்டி விடமாட்டார்கள். அன்று அதிகாரிகள் வருகிற பரபரப்பில் வாசல் திறந்தே கிடந்தது. மூன்றாம் வகுப்பின் ஜன்னல் பக்கத்தில் போய் நின்றேன். நாற்பதுக்குக் குறையாமல் நாற்காலிகள் இருந்தன. என் கணவரின் தாளில் இருந்த இருபத்து நான்கு எங்கே போனதென்று ஒரு நிமிடம் குழம்பி, பிறகு புரிந்தது. பாட்டு டீச்சர், விளையாட்டு மாஸ்டர், வகுப்பே எடுக்காத தலைமையாசிரியர் என்று எல்லாரையும் ஆசிரியர்களாகச் சேர்த்து, மொத்தப் பிள்ளைகளை வகுத்த கணக்கு அது. வாரத்துக்கு ஒரு முறை விசிலோடு வருகிறவரும் அந்தத் தாளில் என் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி இரண்டு வரிசை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அதில் ஒன்றின் முதுகில் மகள் ஒட்டிய பூனைப் படம் தெரிந்தது.

மிஸ் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நேற்றைய அதே கனிவு. சின்னப் பெண்தான், கண்ணுக்குக் கீழே கருவளையம், ராத்திரி தூங்கியிருக்கமாட்டார்.

"வந்துட்டீங்களா மேடம்? உங்க இஷ்டம், உள்ள விடலாம். அனுப்பாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமையே இல்ல." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அடுத்த வருஷம் சீட்டப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு அம்மா இப்படித்தான் அனுப்பினாங்க. அந்தக் கிளாஸ் டீச்சரையும் மாத்திட்டாங்க, அந்தப் பையனும் இப்ப இங்க இல்ல."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லாவது வாயில் வரவேண்டுமே. வரவில்லை. அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்வது? அவருக்குப் பின்னால், திறந்திருந்த கதவின் வழியே முன் வரிசைப் பிள்ளைகள் பென்சிலைக் கூராக்கிவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, போலாம். யாராவது பாத்தா ஸ்டார் போயிடும்."

திரும்பி வந்துவிட்டேன். இதற்கு அலங்காரமாக ஒன்றும் சொல்வதற்கில்லை. சண்டைக்கென்று கிளம்பிப் போன நான், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நானும் பார்த்தபடி, வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வருகிற வழியில் கடைப் பலகைகள் அப்படியேதான் இருந்தன. மகள் ஒன்றையும் கூட்டிப் படிக்கவில்லை. எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை.

வேலைக்கு லீவு சொன்னேன். மகளுக்கு ஒரே கொண்டாட்டம். இடையிடையே காய்ச்சல் ஞாபகம் வந்து போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள், அலுத்ததும் எழுந்து ஓடிவந்துவிடுவாள். மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தபோது, வீட்டிலிருந்த செருப்பையெல்லாம் கொண்டுவந்து கூடத்தில் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தாள். என் வேலைச் செருப்பு, குளியலறைச் செருப்பு, மழைக்கால ரப்பர் செருப்பு, எல்லாம் கையைக் கட்டி உட்கார்ந்த பிள்ளைகள். அவள் கையில் ஒரு ஸ்கேல். பாடம் நடந்துகொண்டிருந்தது.

கணவர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்குகிற மாதிரியே வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டதால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எப்படி இருக்கா?" என்று கேட்டார். நான் கூடத்தைக் கை காட்டினேன்.

வாசலுக்கு வெளியே, மிதியடியைத் தாண்டி, மகளின் பழைய சின்னச் செருப்பு மட்டும் தனியாக, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வார் சற்று முறுக்கிக்கொண்ட செருப்பு. அதை இந்த வருடம் அவள் போடுவதில்லை. கணவர் குனிந்து, ஏதோ தவறி வெளியே போய்விட்டது என்று நினைத்து, எடுத்து உள்ளே வைக்கப்போனார்.

"அப்பா! அத உள்ள விடாதீங்க" என்று மகள் கத்தினாள். பிறகு மிஸ்ஸின் அதே கனிவான குரலில், தலையைச் சாய்த்து, "அது நல்ல பிள்ளைதான். அதுக்கு இன்னிக்குக் காய்ச்சல்" என்றாள்.

அவர் ஒரு கையில் ஆரஞ்சுப் பையும் ஒரு கையில் அந்தச் செருப்புமாக வாசலிலேயே நின்றார். மகள் வரிசைகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். கடைசி வரிசையில் இருந்த ஒரு இடத்தை ஸ்கேலால் தட்டினாள். "நீங்க ஷூவக் கழட்டிக் குடுங்கப்பா. அதோட எடம் காலியாத்தான் இருக்கு."

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஷூவைக் கழற்ற வேண்டுமென்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்தாக வேண்டும்.